கைப்பையில் ஒரு நகவெட்டி



நகத்தைப் பற்றியும் நகப்பூச்சைப் பற்றியும் எழுத இந்த இதழில் இடம் கேட்டபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. காணி கிடைக்கவில்லை, வீடு முடியவில்லை, காணாமற்போன பிள்ளை இன்னும் வரவில்லை என்று எத்தனையோ துயரங்களோடு இருக்கிற நாங்கள் நகத்தைப் பற்றிக் கதைப்பதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். முழுவதையும் வாசித்துவிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். மீள்குடியேறிய பிறகு ஒரு பெண்கள் நிலையத்தில் ஆறு மாதம் அழகுக்கலை படித்தேன். இப்போது வீட்டின் முன் அறையில் வைத்து மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். மாதத்தில் நாலைந்து கலியாண வீடு, ஒன்றிரண்டு சாமத்திய வீடு. அதுதான் என் சீவியம்.

2024ஆம் ஆண்டு மே மாதம் ஓர் இரவு கனடாவில் இருந்து என் பெறாமகள் தொலைபேசி எடுத்தாள். ஓகஸ்ட் கடைசியில் அவளுக்குக் கலியாணம். ரிக்கற்றுக்குக் காசு அனுப்புவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

"பெரியம்மா, ஒரு கிழமைக்கு முந்தி வந்தால் காணாது. மூண்டு கிழமைக்கு முந்தி வாங்கோ. உங்கட நகச் சாமான் எல்லாத்தையும் கொண்டு வாங்கோ" என்றாள்.

"ஏன் பிள்ளை, ரொறன்ரோவில பார்லர் இல்லையே?"

"எனக்கில்லை பெரியம்மா. அம்மாவுக்கு."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

அவளுடைய அம்மா என் தங்கச்சி. 2009 ஏப்ரலில் வலைஞர்மடத்தில் விழுந்த செல்லில் அவளுடைய வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. புதுமாத்தளனில் இருந்து செஞ்சிலுவைக் கப்பலில் அவளை ஏற்றினார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையை நான் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, செட்டிகுளம் முகாமில் இருந்தேன். வீட்டிலிருந்து கொண்டு வந்தவை என்று சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுத் திறப்புக் கோர்வை மட்டும் இடுப்பில் இருந்தது. அந்தக் கோர்வையில் ஒரு சின்ன நகவெட்டி கிடந்தது.

முகாமில் அந்த நகவெட்டிக்கு இருந்த மதிப்பை இன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். புழுதியும் சேறும் நகத்துக்குள் போய்ப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம், சொறி. எங்கள் வரிசையில் இருந்த கூடாரங்களில் எல்லாம் என் நகவெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். சுடுதண்ணீரில் போட்டு எடுத்துத்தான் கொடுப்பேன். வீடு எரிந்துபோனது, பூட்டு இல்லாமற் போனது. திறப்புகளை எறிந்துவிட்டேன். நகவெட்டியை எறியவில்லை.

நாலு மாதம் கழித்துத் தங்கச்சி எங்களோடு வந்து சேர்ந்தாள். வந்து இரண்டாம் நாள் அவளுடைய இடது கையைப் பார்த்தேன். நகங்கள் நீண்டு, கறுத்து, ஓரம் வெடித்திருந்தன. நான் அந்தக் கையை மடியில் வைத்து ஒவ்வொன்றாக வெட்டினேன். அதுவரை கை போனதற்காக என் முன்னால் அழாத அவள், அன்றைக்குத்தான் அழுதாள்.

"அக்கா, சமைக்கப் பழகலாம், உடுப்புத் தோய்க்கப் பழகலாம். என்ர நகத்தை என்னால வெட்டேலாதே" என்றாள்.

சகோதரிகளே, ஒரு கை இல்லாதவருக்கு இருக்கிற கையைப் பராமரிக்க இன்னொரு கை வேண்டும். இது எங்களில் பலருக்குத் தெரியாது. எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து அந்தக் கைக்கு நகம் வெட்டுகிற வேலையைப் பெறாமகள் எடுத்துக்கொண்டாள். 2012இல் தாயும் மகளும் கணவரிடம் கனடாவுக்குப் போனார்கள். அங்கே செயற்கைக் கை கொடுத்தார்கள். அதனால் பை தூக்கலாம், கதவு திறக்கலாம்; ஆனால் நகவெட்டியைப் பிடித்து அளவாக அழுத்த வராது. கணவர் நல்ல மனிசன். ஆனால் இரவு வேலை செய்து களைத்து வருகிறவரிடம் கேட்க அவளுக்கு மனமில்லை. ஒருமுறை அவர் வெட்டும்போது சதையும் சேர்ந்து போனதில் பயமும் வந்துவிட்டது. பதினைந்து வருடமாக மகளே வெட்டினாள். இப்போது அந்த மகள் கலியாணம் முடித்து மொன்றியலுக்குப் போகப் போகிறாள்.

"நான் போன பிறகு அம்மா ஒருத்தரிட்டையும் கேக்கமாட்டா, பெரியம்மா. கையை மறைச்சு வைப்பா. அம்மா தானே வெட்டுறதுக்கு ஒரு வழி செய்து தாங்கோ."

வழி ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. வவுனியாவில் ஒரு பயிற்சிப் பட்டறையில், கையிழந்த ஒருவருக்காகச் செய்த பலகை ஒன்றை ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர் காட்டியிருந்தார். எங்கள் ஊர்த் தச்சுவேலைக்காரரிடம் சொல்லி அப்படியே செய்வித்தேன். ஒரு சாண் நீளமும் நாலு விரல் அகலமும் உள்ள வேப்பம் பலகை. அதன் ஒரு பக்கத்தில் நகவெட்டியின் கீழ்த்தகடு அசையாதபடி ஆணியால் பொருத்தப்பட்டது. அழுத்துகிற மேல்பிடி சிறியதாக இருந்ததால், அதற்கு மேல் பெருவிரல் அகலத்தில் ஒரு மரத்துண்டு ஒட்டினோம். பலகையின் மற்றப் பக்கத்தில் நகம் தேய்க்கும் அட்டை ஒட்டப்பட்டது. அடியில், மேசையில் வழுக்காதபடி பழைய சைக்கிள் ரியூப் துண்டு. இடது கை விரலை நகவெட்டியின் வாய்க்குள் வைத்து, வலது முழங்கையால் மரத்துண்டை அழுத்தினால் நகம் வெட்டுப்படும். பிறகு விரலை அட்டையில் தேய்த்தால் ஓரம் மழுங்கும்.

பலகையில் பொருத்தியது முகாமில் இருந்த அதே நகவெட்டியைத்தான்.

அடுத்தது பெட்டி அடுக்குகிற வேலை. ஒரு கிழமைக்கு முன்பே என் தொழிற் சாமான்களை எல்லாம் பாயில் பரப்பினேன். ஆறு போத்தல் கியூட்டெக்ஸ் (அது ஒரு கம்பனியின் பெயர், நாங்கள் எந்த நகப்பூச்சையும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்), பூச்சழிக்கும் ரிமூவர், சின்னக் கத்தரிக்கோல், நகக்கண் தள்ளுகிற கம்பி, தேய்க்கும் அட்டைகள், தேங்காயெண்ணெய், கைக்குப் பூசும் கிறீம், மருதோன்றிக் கோன், பற்றரியில் எரிகிற சின்ன ஜெல் விளக்கு, தொலைபேசிக்கு மின்னேற்றும் பவர் பாங்க். கடைசியில் அந்தப் பலகை.

எனக்கு விமானப் பயணம் புதிதல்ல. 2017இல் திருச்சிக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். அன்று ஒன்றும் தெரியாமல், பாதி முடிந்த சிவப்புக் கியூட்டெக்ஸ் ஒன்றைச் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். போய்ப் பெட்டியைத் திறந்தால், கோயிலுக்கு உடுக்கக் கொண்டு போன சந்தன நிறச் சேலையில் பெரிய சிவப்புத் திட்டு. எனக்கு ஒரு நிமிடம் வேறு ஞாபகம் வந்து கால் நடுங்கிவிட்டது. அப்படியான திட்டுகளைக் கண்ட கண்கள்தானே எங்களுடையவை.

அந்த அனுபவத்தால் இந்தமுறை கேட்டு அறிந்தே அடுக்குவது என்று முடிவெடுத்தேன். ரிக்கற் போட்டுத் தந்த பிள்ளை பொறுமையான பிள்ளை. நான் கேட்டதற்கெல்லாம் காரணத்தோடு பதில் சொன்னாள். அவள் சொன்னதையும் நான் கற்றதையும் உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளைகளைப் பார்க்கவும் பேரப்பிள்ளை பெறுவிக்கவும் பயணம் போகிற தாய்மார் எங்களில் பலர் இருக்கிறார்கள்.

கியூட்டெக்ஸ் ஏன் ஒழுகியது? விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே நாங்கள் மூச்சுவிடக் காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் தரையில் உள்ள அளவுக்கு அல்ல. 6,000 முதல் 8,000 அடி உயரமான மலையில் நிற்பது போன்ற அழுத்தம்தான் இருக்கும். நுவரெலியா ஏறக்குறைய 6,000 அடி உயரம். அங்கே கொண்டு போன பிஸ்கற் பைக்கற் ஊதி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோலப் போத்தலுக்குள் இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு வரை விரிந்து பூச்சை வெளியே தள்ளும். போத்தல் எவ்வளவு வெறுமையோ அவ்வளவுக்குக் காற்று அதிகம்; ஒழுகுவதும் அதிகம். ஆகையால் பாதி முடிந்த போத்தலைக் கொண்டு போகாதீர்கள். கொண்டு போவதானால் கழுத்தில் காய்ந்திருக்கும் பூச்சை ரிமூவரால் துடைத்து, மூடியை இறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொலித்தீன் பையில் கட்டி, ஒரு கடின டப்பாவில் நிமிர்த்தி வையுங்கள். நான் பழைய பால்மா ரின் ஒன்றில், பழைய துணி சுற்றி வைத்தேன். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை.

அடுத்தது ரிமூவர். வேலைக்காக வாங்கி வைத்திருந்த ஒரு லீற்றர் அசற்றோன் போத்தலை அப்படியே பெட்டிக்குள் வைத்திருந்தேன். "ஐயோ அன்ரி, அதை எடுங்கோ" என்றாள் அந்தப் பிள்ளை. அசற்றோனின் ஆவி, பனி உறையும் குளிரிலும் நெருப்புப் பற்றக்கூடியது. கியூட்டெக்ஸும் அப்படித்தான். சொந்தப் பாவனைக்கான அழகுசாதனப் பொருள் என்ற வகையில் இவற்றுக்கு ஓர் அளவு வரை இடம் கொடுக்கிறார்கள்: ஒரு போத்தல் 500 மில்லி லீற்றருக்கு மேற்படக்கூடாது, வாசனைத் திரவியம், தலைக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 2 லீற்றருக்கு மேற்படக்கூடாது. கடையில் தொழிலுக்கு விற்கும் ஒரு லீற்றர் அசற்றோன் இந்தக் கணக்கில் வராது. "அசற்றோன் இல்லாதது" என்று எழுதிய ரிமூவரும் தீப்பற்றக் கூடியதுதான். அந்த எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ரிமூவரை விட்டுவிட்டுப் போய், இறங்கிய இடத்தில் ஒரு சின்னப் போத்தல் வாங்குவதுதான் புத்தி. நான் அப்படியே செய்தேன்.

அழகுக்கலை வகுப்பில் எங்கள் ஆசிரியை சொன்ன ஒரு விடயமும் அப்போது ஞாபகம் வந்தது. கியூட்டெக்ஸை மினுமினுக்க வைப்பது நைத்திரோசெலுலோசு என்ற பொருள். பஞ்சை அமிலங்களில் ஊறவைத்துச் செய்வது. அதன் இன்னொரு வகையில் இருந்துதான் துப்பாக்கிக் குண்டுகளுக்கான புகையில்லா மருந்தும் செய்கிறார்கள். அதைக் கேட்ட அன்று வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு அக்கா மெதுவாகச் சொன்னா: "எங்கட பக்கம் அது நகத்தில பூசுறதாகவே வந்திருக்கலாம்."

கைப்பைக்குத் தனிச் சட்டம். திரவம் எதுவானாலும் 100 மில்லி லீற்றருக்கு மேற்படாத போத்தலில் இருக்க வேண்டும். போத்தலின் அளவைத்தான் பார்ப்பார்கள், உள்ளே மிச்சம் இருப்பதை அல்ல. 200 மில்லி லீற்றர்ப் போத்தலின் அடியில் கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் எடுத்துவிடுவார்கள். கிறீம், ஜெல், மருதோன்றிக் கோன் போன்ற களிகளும் திரவக் கணக்குத்தான். எல்லாவற்றையும் ஒரு லீற்றர் கொள்ளும், மூடித் திறக்கக்கூடிய கண்ணாடிப் பை ஒன்றில் போட வேண்டும். சில நாடுகளில் புதிய ஸ்கானர் வந்து இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் இடையில் விமானம் மாறுகிற இடத்திலும் திரும்பி வருகிற இடத்திலும் பழைய சட்டம் இருக்கலாம். ஆகவே கடுமையான சட்டத்துக்கு ஏற்றபடியே அடுக்குங்கள்.

கூரான சாமான்களில் நகவெட்டியைப் பொதுவாகக் கைப்பையில் விடுவார்கள். கத்தரிக்கோல் என்றால் பல நாடுகளில் அலகு 6 சென்ரிமீற்றருக்கு மேற்படக்கூடாது. ஆனாலும் முடிவு சொல்கிறவர் அங்கே நிற்கிற உத்தியோகத்தர். ஆகையால் கத்தரிக்கோலையும் கம்பியையும் உறையில் போட்டுப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

பற்றரி விடயம் நேர்மாறு. பவர் பாங்கைப் பெரிய பெட்டிக்குள் வைக்கவே கூடாது. அது கையோடுதான் வர வேண்டும். லிதியம் பற்றரி சூடாகித் தீப்பிடித்தால், ஆட்கள் இருக்கிற இடத்தில் உடனே அணைக்கலாம். கீழே சாமான் அறையில் என்றால் யார் காண்பது? என் பவர் பாங்க் 20,000 மில்லி அம்பியர் மணி. அது 74 வாற்று மணி. 100 வரை கொண்டு போகலாம். ஜெல் விளக்கையும் நன்றாக நிறுத்திக் கைப்பையில் வைத்தேன்.

இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்த காலம், பற்றரிக்குத் தடை. அண்ணா சைக்கிள் டைனமோவைச் சுழற்ற, அப்பா வானொலியில் செய்தி கேட்பார். மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பிறகு வன்னிக்கு வந்தோம். 2002இல் பாதை திறந்தபோது ஓமந்தையில் ஒருமுறை, புளியங்குளத்தில் ஒருமுறை பையைப் பிரித்துக் காட்ட வேண்டும். உள்ளுடுப்பு வரை மேசையில் கொட்டுவார்கள். எது ஆகும், எது ஆகாது, ஏன் ஆகாது என்று கேட்க முடியாது. 2006 ஓகஸ்டில் முகமாலைப் பாதை மூடப்பட்டது. அதே நாட்களில்தான், லண்டனில் திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, இந்தத் திரவக் கட்டுப்பாடும் உலகத்தில் தொடங்கியது.

ஆனால் ஒரு வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. இந்தச் சட்டங்களுக்குக் காரணம் கேட்டேன், சொன்னார்கள். காரணம் தெரிந்ததும் பயம் பாதி குறைந்தது. எதை விட வேண்டும் என்பதோடு, எதை விடத் தேவையில்லை என்பதும் தெரிந்தது.

பலகையை எங்கே வைப்பது என்பதுதான் கடைசிக் கேள்வி. பெரிய பெட்டியில் வைத்தால் ஒரு கேள்வியும் வராது. ஆனால் பெட்டி தவறிப்போனால்? அந்த நகவெட்டியை நான் கையைவிட்டு அனுப்ப விரும்பவில்லை. "கைப்பையில் மேலே வையுங்கோ. அவர்கள் கேட்க முதல் நீங்களே எடுத்துக் காட்டுங்கோ. ஒளிச்சு வைச்ச மாதிரி இருந்தால்தான் சந்தேகம் வரும்" என்றாள் ரிக்கற் பிள்ளை.

கட்டுநாயக்காவுக்கு இரவு பஸ்ஸில் போனேன். ஓமந்தையைத் தாண்டும்போது நித்திரை வரவில்லை. அன்றைய அந்தப் பெரிய சாவடி இன்று இல்லை. இருந்தாலும் அந்த இடம் வரும்போது கை தானாகவே பையை இறுக்கிப் பிடிக்கிறது.

விமான நிலையத்தில் என் முறை வந்தபோது தொண்டை வறண்டுவிட்டது. திரவப் பையையும் பவர் பாங்கையும் தட்டில் வைத்தேன். பலகையைத் தனித் தட்டில் வைத்தேன். அங்கு நின்ற இளம் பெண் உத்தியோகத்தர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன அம்மா?" என்று குழந்தைத் தமிழில் கேட்டார். என் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு என் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து, இடது விரலை நகவெட்டிக்குள் வைத்து, மறைத்த கையின் முழங்கையை மட்டும் கொண்டு வந்து அழுத்திக் காட்டினேன். "நங்கி" என்றேன். தங்கச்சி என்பதற்கு எனக்குத் தெரிந்த சிங்களம் அதுதான்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தன் சின்ன விரலை உள்ளே வைத்து, முழங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "டிக்" என்றது. பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார். பலகையை என் பைக்குள் தானே வைத்து, சிப்பை மூடித் தந்தார். நான் அங்கே இருந்த கதிரையில் போய் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பயந்தது ஒன்றும் நடக்காத இடத்தில் ஏன் அழுகை வந்தது என்று எனக்குத் தெரியாது.

ரொறன்ரோவில் தங்கச்சியைக் கட்டிப்பிடித்தபோது பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அன்று பின்னேரமே பலகையை மேசையில் வைத்தேன். அவள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கேன் இது? இப்ப நீ வந்திருக்கிறாய்தானே. வெட்டி விடு."

நான் வற்புறுத்தவில்லை. பலகையைப் பழகினால் மகள் போகப் போவது உண்மையாகிவிடும். அதைத்தான் அவள் பார்க்க விரும்பவில்லை. மகள் என்னிடம் கண்ணைக் காட்டினாள். இருவரும் பேசாமல் இருந்தோம். பலகை குசினி மேசையில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு கிழமை கிடந்தது.

எங்கள் அம்மா வெள்ளிக்கிழமை நகம் வெட்ட விடமாட்டா. விளக்கு வைத்த பிறகும் விடமாட்டா. சீதேவி போய்விடும் என்பா. ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. நடுச்சாமத்தில் எனக்கு முழிப்பு வந்தது. குசினியில் வெளிச்சம் தெரிந்தது. "டிக்" என்று ஒரு சத்தம். நெடுநேரம் கழித்து இன்னொரு "டிக்." எழும்பிப் போய் உதவலாமா என்று நினைத்தேன். போகவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு எண்ணினேன். நாலு சத்தம் கேட்டது. ஐந்தாவது கேட்கவில்லை.

காலையில் தேத்தண்ணீர் தரும்போது கையை எனக்கு முன்னால் நீட்டினாள். நாலு விரல் நகமும் வெட்டியிருந்தது. சின்ன விரலில் கொஞ்சம் கோணல்.

"பெருவிரல் வரேல்லை அக்கா. பலகை உயரம் காணாது" என்றாள்.

அது உண்மைதான். பெருவிரலைத் திருப்பி வைக்க அந்த உயரம் போதவில்லை. பலகைக்குக் கீழே ஒரு தடித்த புத்தகத்தை வைத்தோம். வந்தது. அவளுடைய கணவர் அன்றே கடைக்குப் போய் அதே உயரத்துக்கு இரண்டு மரத்துண்டு வாங்கி வந்து பூட்டினார். "இவ்வளவு நாளும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று அவர் கேட்டபோது தங்கச்சி பதில் சொல்லவில்லை, ஆனால் சிரித்தாள்.

கலியாணத்துக்கு முதல் நாள் மணப்பெண்ணின் கைக்கு மருதோன்றி போட்டு முடிந்த பிறகு, அவள் தாயைப் பக்கத்தில் இருத்தி, "அம்மாவுக்கும் பூசுங்கோ பெரியம்மா" என்றாள். தங்கச்சி வேண்டாம் என்றாள். பால்மா ரின்னைத் திறந்து ஆறு போத்தலையும் அடுக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மங்கிய றோஸ் நிறத்தைத் தொட்டாள். ஐந்து நகத்துக்குப் பூச ஐந்து நிமிடமும் ஆகவில்லை. அடுத்த நாள் அந்தக் கையால்தான் மாப்பிள்ளைக்கு ஆரத்தித் தட்டுப் பிடித்தாள். பதினைந்து வருடமாகப் படம் எடுக்கும்போது சேலைத் தலைப்புக்குள் போகிற கை, அன்று எல்லாப் படத்திலும் வெளியே இருக்கிறது.

திரும்பி வரும்போது கியூட்டெக்ஸ், அட்டைகள், விளக்கு எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கைப்பையில் பவர் பாங்கும் கடவுச்சீட்டும் மட்டும்தான். பதினைந்து வருடத்துக்கு மேலாக என்னோடு இருந்த நகவெட்டியும் இல்லை. பை பாரமில்லாமல் இருந்தது.

போன மாதம் தங்கச்சி எடுத்தபோது, "வெள்ளிக்கிழமையிலதான் எனக்கு லீவு. அண்டைக்குத்தான் வெட்டுறன். அம்மா இருந்தால் ஏசியிருப்பா" என்றாள். "அம்மா இருந்திருந்தால் பலகையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பா" என்றேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு கையோடு வாழ்கிறவர் இருந்தால், அந்தக் கையின் நகங்களை ஒருமுறை பாருங்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள். ஒரு நகவெட்டி, ஒரு பலகைத் துண்டு, இரண்டு ஆணி போதும். பெருவிரலுக்கு உயரம் காணுமா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.